சொல் தெரிகிறது, பத்தி புரியவில்லை: சீன மாணவர்களும் ஆங்கில வாசிப்புத் தேர்வும்

2018 நவம்பரில் சீனாவின் செஜியாங் மாகாணத்தில் கல்லூரி நுழைவுக்கான ஓர் ஆங்கிலத் தேர்வு பெரிய வம்பில் முடிந்தது. மதிப்பெண் வெளியானதும் மாணவர்களும் பெற்றோரும் கொதித்தார்கள். வாசிப்பிலும் எழுத்திலும் சில கேள்விகள் முந்தைய ஆண்டைவிடக் கடினமாகிவிட்டன என்று சொல்லி, அவற்றுக்கான மதிப்பெண்ணை மாகாணத் தேர்வு அமைப்பு தானாகவே மாற்றிக் கணக்கிட்டிருந்தது. அந்த மாகாணத்தில் ஆங்கிலத் தேர்வை இரண்டு முறை எழுதலாம். எதில் அதிகமோ அது நிற்கும். ஒரு முறைக்கு மட்டும் தனிக் கணக்குப் போட்டால் மறுமுறையை நம்பி இருப்பவர் என்ன ஆவார்? மாகாண அரசு விசாரணை வைத்தது. டிசம்பர் 5 அன்று அந்த மாற்றம் ரத்தானது. கல்வித் துறையின் தலைமை அதிகாரி பதவி இழந்தார்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இதில் இரண்டு குழப்பங்கள் வரும். நாலு பத்தியைப் படித்து ஏ, பி, சி, டி என்று குறிக்கிற ஒரு பகுதிக்கு இத்தனை கொந்தளிப்பா என்பது ஒன்று. மூன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் படித்து, சொற்பட்டியலை மனப்பாடம் செய்து, கட்டுக்கட்டாக மாதிரித் தாள்களை எழுதிப் பழகும் பிள்ளைகளுக்கு ஒரு பக்கக் கட்டுரை ஏன் புரியாமல் போகிறது என்பது இன்னொன்று. முதலாவதை ஒரு கணக்கில் தீர்த்துவிடலாம். இரண்டாவதுக்குத்தான் கொஞ்சம் ஆழமாகப் போக வேண்டும்.

## தேர்வில் வாசிப்பின் எடை

பள்ளி முடித்துக் கல்லூரிக்குப் போக சீனாவில் எழுதும் தேர்வின் பெயர் காவ்காவ். கலாசாரப் புரட்சிக் காலத்தில் நின்றுபோன இந்தத் தேர்வு 1977ல் மீண்டும் வந்தது. இப்போது ஆண்டுதோறும் ஜூன் 7ஆம் தேதி தொடங்குகிறது. 2024ல் இதற்குப் பதிவு செய்தவர்கள் 1 கோடியே 34 லட்சத்துக்கும் மேல். சீன மொழி, கணிதம், அயல்மொழி மூன்றும் எல்லோருக்கும் கட்டாயம். ஒவ்வொன்றுக்கும் 150 மதிப்பெண். அயல்மொழி என்று ஆங்கிலம், ரஷ்யன், ஜப்பானியம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ் ஆகிய ஆறில் ஒன்றை எடுக்கலாம். மிகப் பெரும்பாலோர் ஆங்கிலத்தைத்தான் எடுக்கிறார்கள்.

பெய்ஜிங், ஷாங்காய், தியான்ஜின் நகரங்களுக்குத் தனித் தாள் உண்டு. பல மாகாணங்கள் பயன்படுத்தும் புதிய தேசியத் தாள் 120 நிமிடம். அதன் அமைப்பு இது:

1. கேட்டல்: 20 கேள்விகள், 30 மதிப்பெண்.
2. வாசிப்பு: 50 மதிப்பெண். நான்கு பத்திகளுக்கு மொத்தம் 15 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டரை மதிப்பெண். அப்புறம் ஐந்து இடங்களில் வாக்கியம் எடுக்கப்பட்ட ஒரு கட்டுரை. கொடுத்திருக்கும் ஏழு வாக்கியங்களிலிருந்து பொருத்தமான ஐந்தை உரிய இடத்தில் வைக்க வேண்டும்.
3. மொழிப் பயன்பாடு: 30 மதிப்பெண். ஒரு கதையில் 15 கோடிட்ட இடங்கள், இன்னொரு பத்தியில் இலக்கணத்துக்காக 10 கோடிட்ட இடங்கள்.
4. எழுத்து: 40 மதிப்பெண். ஒரு கடிதம் அல்லது அறிவிப்புக்கு 15. பாதியில் நிற்கும் கதையைத் தொடர்ந்து எழுதுவதற்கு 25.

வாசிப்புக்கு 50 என்று தாளில் போட்டிருந்தாலும் அது முழுக் கணக்கு இல்லை. மூன்றாம் பகுதியின் கோடிட்ட இடங்கள் எல்லாம் பத்திக்குள்தான் இருக்கின்றன. கதையைத் தொடர வேண்டுமென்றால் முதலில் அதைப் படித்துப் புரிந்திருக்க வேண்டும். ஆக 50, 30, 25 சேர்த்து 150க்கு 105 மதிப்பெண் ஏதோ ஒரு வகையில் வாசிப்பில் தொங்குகிறது. பெரிய மாகாணங்களில் ஒரே மதிப்பெண்ணில் ஆயிரக்கணக்கானவர்கள் நிற்பதுண்டு. ஒரே ஒரு கேள்வியின் இரண்டரை மதிப்பெண் அங்கே ஒருவரைப் பல்லாயிரம் இடம் பின்னுக்குத் தள்ளலாம். கொந்தளிப்புக்குக் காரணம் அவ்வளவுதான்.

பத்திகளின் வரிசையும் பெரும்பாலும் தெரிந்ததுதான். முதல் பத்தி அருங்காட்சியக நேரம், பயிற்சி முகாம் கட்டணம் போன்ற அறிவிப்பாக இருக்கும். இரண்டாவது பெரும்பாலும் ஒரு மனிதரின் கதை. மூன்றும் நான்கும் அறிவியல் செய்தி, ஆய்வு முடிவு, நூல் அறிமுகம், விவாதக் கட்டுரை என்று கனமாகிக்கொண்டே போகும். பலவும் பிரிட்டிஷ், அமெரிக்க இதழ்களில் வந்தவற்றைச் சுருக்கித் திருத்தியவை. பாடத்திட்டத்துக்கு வெளியே உள்ள கடினமான சொல் வந்தால் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் சீனப் பொருள் தந்துவிடுவார்கள். அப்படியானால் அகராதி இல்லாத குறையால் மட்டும் யாரும் தோற்பதில்லை.

## எத்தனை சொல் தெரிந்தால் போதும்?

2017ல் வந்து 2020ல் திருத்தப்பட்ட மேல்நிலை ஆங்கிலப் பாடத்திட்டம், காவ்காவ் எழுதுபவருக்கு ஏறக்குறைய 3000 முதல் 3200 சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது. இது அதிகமா குறைவா என்று பார்க்க, மொழிக்கல்வி ஆய்வில் 'சொல் நிரப்பு' என்று சொல்லத்தக்க ஓர் அளவுகோல் இருக்கிறது. ஒரு பத்தியில் வரும் சொற்களில் எத்தனை விழுக்காடு வாசிப்பவருக்கு ஏற்கெனவே தெரியும் என்பதுதான் அது.

பாட்டியா லாஃபர் 1989ல் 95 விழுக்காட்டை ஓர் எல்லையாகச் சொன்னார். மார்செல்லா ஹூவும் பால் நேஷனும் 2000ல் செய்த ஆய்வில், யார் உதவியும் இல்லாமல் ஒரு கதையைத் தாராளமாகப் புரிந்துகொள்ள 98 விழுக்காடு வரை தேவை என்று தெரிந்தது. மூன்று விழுக்காடு பெரிய வித்தியாசமா என்று தோன்றும். 300 சொல் பத்தியில் வைத்துப் பார்ப்போம். 98 விழுக்காடு என்றால் 6 சொல் தெரியாது. 95 என்றால் 15 சொல். 90 என்றால் 30 சொல், அதாவது வரிக்கு ஒன்று வீதம் இருட்டு. திருத்தாத ஆங்கில நாவலையும் நாளிதழையும் 98 விழுக்காட்டில் படிக்க எட்டாயிரம், ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் வேண்டும் என்று நேஷன் 2006ல் கணக்கிட்டார். சொற்குடும்பம் என்பது ஒரு வேர்ச்சொல்லையும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களையும் ஒன்றாக எண்ணுவது.

3000க்கும் 8000க்கும் நடுவிலிருக்கும் பள்ளத்தைத் தேர்வு அமைப்பாளர்கள் பத்தியைச் செதுக்கியும் பொருள் கொடுத்தும் நிரப்புகிறார்கள். ஆனால் அவர்களால் நிரப்ப முடியாத பள்ளம் ஒன்று உண்டு. சீன ஆசிரியர்கள் அதற்கு 'பழகிய சொல், பழகாத பொருள்' என்று தனித் தலைப்பே வைத்திருக்கிறார்கள். அட்ரஸ் என்றால் முகவரி என்று எல்லோருக்கும் தெரியும். அதே சொல் வினையாக வந்தால் ஒரு சிக்கலைக் கையிலெடுத்துத் தீர்க்க முனைவது. நாவல் பெயரடையாக வந்தால் 'புதுமையான' என்று பொருள். சாம்பியன் வினையானால் ஒரு கொள்கைக்காக நின்று வாதாடுவது. தெரியாத சொல்லாக இருந்தால் மாணவர் நின்று யோசிப்பார். இவை தெரிந்த சொற்கள் என்பதால் நிற்காமல் போய்விடுவார், தவறான பொருளையும் கூடவே எடுத்துக்கொண்டு. ஒரு சொல்லுக்கு ஒரு சீனப் பொருள் என்று பட்டியலிட்டு மனப்பாடம் செய்வதன் விலை இங்கேதான் தெரிகிறது.

ஒரு ஸ்பானிய மாணவருக்கோ பிரெஞ்சு மாணவருக்கோ லத்தீன் வழியாக ஆயிரக்கணக்கான ஆங்கிலச் சொற்கள் இனாமாகக் கிடைக்கின்றன. சீனப் பிள்ளைக்கு காபி, சோபா மாதிரிக் கைவிரலில் எண்ணக்கூடிய கடன்சொற்கள்தான். மற்றதெல்லாம் உழைத்துச் சேர்த்தது. ஆங்கிலம் கஷ்டம் என்று அவர்கள் சொல்லும்போது அதைச் சோம்பலாக எடுத்துக்கொள்வது அநியாயம்.

## வாக்கியம் எங்கே உடைகிறது

எழுத்து வேறு என்பதால்தான் சிரமம் என்று பலர் நினைக்கிறார்கள். அது காரணம் இல்லை. சீன எழுத்துகளின் உச்சரிப்பைக் கற்பிக்க முதல் வகுப்பிலேயே ரோமன் எழுத்துகளைச் சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். சிக்கல் வாக்கிய அமைப்பில் இருக்கிறது. அதுவும் சின்ன வாக்கியத்தில் இல்லை: எழுவாய், வினை, செயப்படுபொருள் என்ற வரிசை சீனத்துக்கும் ஆங்கிலத்துக்கும் ஒன்றுதான். அதனாலேயே தொடக்க வகுப்புகளில் எல்லாம் சுலபமாகத் தெரிகிறது. வாக்கியம் நீளும்போதுதான் இரண்டும் பிரிகின்றன.

1. பெயருக்குப் பின்னால் வரும் விளக்கம். 'நான் நேற்று வாங்கிய புத்தகம்' என்று தமிழில் சொல்கிறோம். 'வாங்கிய' என்ற பெயரெச்சம் பெயருக்கு முன்னால் நிற்கிறது. சீனத்திலும் இதே வரிசைதான்: நான், நேற்று, வாங்கு, அடுத்து 'த' என்ற ஒட்டு, கடைசியில் புத்தகம். ஆங்கிலத்தில் புத்தகம் முதலில் வந்துவிடும், விளக்கம் பின்னால் தொடரும். ஒரு விளக்கம் என்றால் சமாளிக்கலாம். ஆங்கில வரிசையைத் தமிழ்ச் சொற்களில் போட்டால் சுமை புரியும்: 'மாணவர்கள், யார் அந்தப் பயிற்சியில் சேர்ந்தார்களோ, எதைப் பல்கலைக்கழகம் இலவசமாக நடத்தியதோ, நன்றாக எழுதினார்கள்.' எழுவாயை வாயில் வைத்துக்கொண்டே இரண்டு வளையங்களைக் கடந்துபோய் வினையைப் பிடிக்க வேண்டும். இதில் 'யார்', 'எதை' என்ற அடையாளச் சொற்களையும் ஆங்கிலம் பல இடங்களில் விட்டுவிடும். அப்போது இறந்தகால வடிவில் நிற்கும் எச்சம், முதன்மை வினையைப் போலவே தெரியும். தமிழ் வாசகர்களுக்கு இது புதிதல்ல. நம்மையும் ஆங்கிலம் இதே இடத்தில்தான் முதலில் தடுக்கிவிடுகிறது.

2. வினையின் உருவம். சீன வினைச்சொல் காலத்துக்காக மாறாது. நேற்று, நாளை போன்ற சொற்களும் சில ஒட்டுகளும் காலத்தைச் சொல்லிவிடும். அதனால் வினையின் வாலைப் பார்க்கும் பழக்கம் தாய்மொழியிலிருந்து வருவதில்லை. 'விலை குறையும் என்று எதிர்பார்க்கப்பட்டிருந்தது' என்ற வாக்கியம் 'ஆனால் குறையவில்லை' என்பதை உள்ளே ஒளித்து வைத்திருக்கிறது. அந்தக் கால வடிவத்தைத் தாண்டிப் போனால் பொருள் அப்படியே தலைகீழ். கடினமான அனுமானக் கேள்விகள் இந்த மாதிரி இடங்களில்தான் உட்கார்ந்திருக்கும்.

3. சுட்டுப் பெயர்கள். யாரைப் பற்றிய பேச்சு என்று தெரிந்தால் சீனம் பெயரையும் சுட்டையும் விட்டுவிடும். ஆங்கிலம் விடாது; அது, அவர்கள், இது என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் போட்டுக்கொண்டே போகும். அந்த 'இது' முந்தைய சொல்லையா, முந்தைய பத்தி முழுவதையுமா சுட்டுகிறது என்பதை மாணவர் தேடிப் பிடிக்க வேண்டும். இதற்கென்றே நேரடியாகக் கேள்விகள் வருவதுண்டு.

4. கருத்தின் வரிசை. காரணத்தையும் சூழலையும் முதலில் சொல்லி, முடிவைப் பிறகு சொல்வது சீனத்தில் இயல்பு. 'ஏனென்றால்', 'என்றால்' போன்ற இணைப்புகள் இல்லாமலும் வரிசையே உறவைச் சொல்லிவிடும். ஆங்கிலக் கட்டுரை முடிவை முதல் வரியில் வைத்து, காரணத்தைப் பின்னால் இழுத்துவரும். 'எனினும்' என்று தொடங்கும் வாக்கியத்தை அடுத்த தகவலாக எடுத்துக்கொண்டால், ஆசிரியர் மறுக்கும் கருத்தையே அவருடைய கருத்தாக நினைத்துவிட நேரும்.

## தவறான விடை எப்படித் தயாராகிறது

இந்தத் தேர்வில் வினாத்தாள் அமைப்பவரின் கைத்திறன் சரியான விடையில் இல்லை, மற்ற மூன்றில் இருக்கிறது. இந்தக் கட்டுரைக்காக எழுதிய ஒரு சின்னப் பத்தியில் அதைப் பார்க்கலாம்.

'ஒரு நகரத்தில் நடைபாதை நெடுக இருக்கைகள் போட்டார்கள். உட்கார இடம் கொடுத்தால் முதியவர்கள் நடப்பதைக் குறைத்துக்கொள்வார்கள் என்று சிலர் அஞ்சினார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது முதியவர்கள் முன்பைவிட அதிகத் தொலைவு நடந்துகொண்டிருந்தார்கள். மழைக்காலத்தில் மட்டும் இந்த வித்தியாசம் மறைந்தது.'

கேள்வி: இந்தப் பத்தியிலிருந்து என்ன தெரிகிறது?

ஏ. இருக்கைகள் வந்ததால் முதியவர்கள் நடப்பது குறைந்தது.
பி. முதியவர்கள் எல்லாக் காலத்திலும் அதிகம் நடக்கத் தொடங்கினார்கள்.
சி. இளைப்பாற முடியும் என்ற நம்பிக்கை நடையைக் கூட்டக்கூடும்.
டி. நகரம் மேலும் பல இருக்கைகளைப் போடப்போகிறது.

ஏ பத்தியில் இருக்கிறது, ஆனால் அது சிலருடைய அச்சம், நடந்தது இல்லை. பத்தியின் சொற்கள் அப்படியே வருவதால் அவசரக் கை அங்கேதான் போகும். பி பெரும்பகுதி உண்மை. 'எல்லா' என்ற ஒரே சொல் கெடுக்கிறது. டி நியாயமாகப் படுகிறது, யாரும் அப்படித்தான் செய்வார்கள் என்று தோன்றுகிறது, ஆனால் பத்தி அதைச் சொல்லவில்லை. சி சரியான விடை. கவனித்தால், சியில் வரும் 'இளைப்பாற', 'நம்பிக்கை' என்ற சொற்கள் பத்தியில் எங்கும் இல்லை.

கடினமான பத்திகளில் இதுவே வழக்கம்: சரியான விடை புதுச் சொல்லுடுத்தி வரும், தவறான விடை பத்தியின் சொல்லையே உடுத்தி வரும். தகவல், அனுமானம், மையக் கருத்து, சூழலிலிருந்து சொற்பொருள், ஆசிரியரின் மனப்பாங்கு என்று கேள்விகளை வகை பிரித்துப் பயிற்சிப் புத்தகங்கள் பக்கம் பக்கமாக விளக்கும். வகையைத் தெரிந்துகொள்வதால் ஒன்றும் கெட்டுவிடாது. ஆனால் மேலே உள்ள நான்கு விடைகளையும் பிரித்துப் பார்க்க உதவுவது வகையின் பெயர் அல்ல, 'அஞ்சினார்கள்' என்ற வினை யாருடையது என்று கவனித்த வாசிப்பு.

## பயிற்சி எதைப் பழக்குகிறது

தாள் தாளாக எழுதிப் பழகுவதற்குச் சீன மாணவர்களிடையே ஷுவாதி என்று பெயர். வகுப்பில் சொல்லித்தரப்படும் உத்தி பெரும்பாலும் இப்படி: முதலில் கேள்வியைப் படி, அதிலுள்ள பெயரையோ எண்ணையோ வட்டமிடு, பத்தியில் அது வரும் வரியைத் தேடு, அந்த வரியை விடைகளோடு ஒப்பிடு, அடுத்த கேள்விக்குப் போ. அறிவிப்பு வகைப் பத்திக்கு இது கச்சிதம். அருங்காட்சியகம் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்டால் முழுவதையும் ரசித்துப் படிக்கத் தேவையில்லை.

மூன்றாம், நான்காம் பத்திகளில் இதே உத்தி மாணவரைக் காலை வாரிவிடுகிறது. அங்கே விடை ஒரு வரியில் இருக்காது. ஒரே கட்டுரைக்குள் இரண்டு பகுதிகளுக்கு இடையிலான உறவில் இருக்கும். வரியைத் தேடும் கண், பத்தியின் சொல்லை உடுத்திய தவறான விடையைத்தான் முதலில் கண்டுபிடிக்கும். உத்தி சரியாக வேலை செய்து தவறான இடத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது.

இதைவிடப் பெரிய சிக்கல் அளவு. பாடத்திட்டமே வகுப்புக்கு வெளியே படிக்க ஓர் இலக்கு வைத்திருக்கிறது: கட்டாயப் பாடக் காலத்தில் வாரத்துக்குச் சராசரியாக 1500 சொல், மொத்தம் 45,000; அடுத்த கட்டத்தில் வாரத்துக்கு 2500 சொல், மொத்தம் 1,00,000. இரண்டும் சேர்ந்து 1,45,000 சொற்கள். நடுத்தர அளவு ஆங்கில நாவல்கள் இரண்டுக்கும் குறைவு. இதே அளவைத் தேர்வுப் பத்திகளாகவே படித்தால் என்ன ஆகும்? பத்திக்கு 300 சொல் என்று வைத்தால் ஏறத்தாழ 480 பத்திகள், பத்திக்கு நான்கு கேள்வி வீதம் 1900க்கும் மேற்பட்ட கேள்விகள். ஒவ்வொரு பத்தியும் புதுத் தலைப்பு, புதுச் சொற்கள். பவளப்பாறையில் தொடங்கி, அடுத்தது ஓவியக் கண்காட்சி, அதற்கடுத்தது தூக்கம் பற்றிய ஆய்வு. ஒரு சொல் மறுபடி கண்ணில் படுவதற்குள் மறந்தே போகும். தொடர்கதையில் அதே மனிதர்களும் அதே சொற்களும் பக்கத்துக்குப் பக்கம் திரும்பத் திரும்ப வருவதால், பட்டியலை எடுக்காமலேயே மனதில் படிகின்றன. மாணவர்கள் பலர் குறைவாக உழைக்கவில்லை. உழைப்பில் பெரும்பகுதி விடையைத் தேர்வதற்குப் போகிறது, வாசிப்பதற்குப் போகவில்லை.

அதற்காகத் தாள் எழுதுவதே வேண்டாம் என்பது வாதம் இல்லை. கடைசி வகுப்பின் கடைசி மாதங்களில் நேரத்தைப் பழக அது வேண்டும். பத்தாம் வகுப்பிலிருந்தே அதை மட்டும் செய்வதுதான் வீண். முன்கூட்டிய வகுப்புகளில் பலன் தரும் வழிகள் சில:

1. முதல் வாசிப்பில் கேள்விகளை மூடி வைப்பது. கட்டுரையின் ஒவ்வொரு பகுதியும் என்ன 'செய்கிறது' என்று ஓரத்தில் ஒரு வரி எழுதுவது: சிக்கலைச் சொல்கிறது, பழைய கருத்தை வைக்கிறது, அதை மறுக்கிறது, உதாரணம் தருகிறது. மையக் கருத்துக் கேள்வியும் ஏழிலிருந்து ஐந்தைப் பொருத்தும் பகுதியும் கேட்பது இந்த வரைபடத்தைத்தான்.

2. நீண்ட வாக்கியத்தில் முதன்மை வினையை முதலில் பிடித்து, அதன் எழுவாயோடு கோடு போட்டு இணைப்பது. நடுவில் இருப்பதைப் பிறகு பார்ப்பது. நாளுக்கு இரண்டு வாக்கியம் போதும். எல்லா வாக்கியத்தையும் சீனத்தில் மொழிபெயர்க்க வேண்டியதில்லை, அது வேகத்தைத் தின்றுவிடும்.

3. தவறாகக் குறித்த கேள்விக்குச் சரியான விடையைச் சிவப்பு மையில் எழுதி மூடிவிடாமல், மற்ற மூன்று விடைகளும் ஏன் தவறு என்று தன் சொற்களில் எழுதுவது. 25 கேள்வி போட்டு மதிப்பெண் எண்ணுவதைவிட 5 கேள்வியை இப்படிப் பிரிப்பது மேல்.

4. தன் நிலைக்குச் சற்றே எளிதான, சொல் அளவு கட்டுப்படுத்தி எழுதிய கதைகளை நிறையப் படிப்பது. பக்கத்துக்கு ஐந்தாறு சொல்லுக்கு மேல் தடுக்கினால் அந்தப் புத்தகம் இப்போதைக்குக் கடினம். இதில் கேள்வியும் வேண்டாம், மதிப்பெண்ணும் வேண்டாம்.

நான்காவதைக் கேட்டதும் ஆசிரியர்கள் தயங்குவார்கள். ஐம்பது பேர் வகுப்பில் யார் படித்தார் என்று எப்படிப் பார்ப்பது, அடுத்த வாரத் தேர்வில் இதன் பலன் தெரியாதே என்பது அவர்களுடைய கேள்வி. நியாயமான கேள்விதான். இந்த வழியின் பலன் மாதக்கணக்கில் தெரிவது. மாதாந்திரத் தேர்வுப் பட்டியல் ஒட்டும் பள்ளியில் அதற்குப் பொறுமை கிடைப்பது கடினம்.

## கதையை நீ முடி

தேர்வு அமைப்பாளர்களுக்கும் இது தெரியாமல் இல்லை. 2016ல் செஜியாங்கில் முதலில் வந்து, பிறகு புதிய தேர்வு முறையோடு மற்ற மாகாணங்களுக்கும் பரவிய 'தொடர்ந்து எழுதுதல்' அதற்கு ஒரு விடை. சுமார் 350 சொல்லில் ஒரு கதை, முடிவு இல்லாமல். அடுத்த இரண்டு பத்திகளின் முதல் வாக்கியங்கள் மட்டும் தரப்படும். மாணவர் ஏறக்குறைய 150 சொல்லில் கதையை முடிக்க வேண்டும்.

இங்கே தேர்ந்தெடுக்க விடைகளே இல்லை. தொடக்கத்தில் ஒரு நாயின் காலில் அடிபட்டிருந்தால் முடிவில் அது பாய்ந்து ஓட முடியாது. அம்மா கோபக்காரர் என்று மூன்றாம் வரி சொல்லியிருந்தால் கடைசிப் பத்தியில் அவர் காரணமில்லாமல் கனிந்துவிடக் கூடாது. கதையைச் சரியாக வாசித்தாரா என்பது எழுத்தில் வெளிப்பட்டுவிடும். பயிற்சி மையங்கள் சும்மா இருக்குமா? கண்ணீர் கன்னத்தில் வழிந்தது, இதயம் படபடத்தது என்று எந்தக் கதைக்கும் ஒட்டும் வாக்கியங்களை மனப்பாடத்துக்குத் தந்துவிட்டன. அப்படி எழுதும் தாள்களில் எல்லோரும் எல்லா இடத்திலும் அழுதுகொண்டே இருக்கிறார்கள். ஆனாலும் 25 மதிப்பெண்ணையும் மனப்பாடத்தால் வாங்கிவிட முடியாத கேள்வி இது. நாலு விடைக் கேள்விகளைவிட இதுவே வாசிப்பை நேர்மையாகச் சோதிக்கிறது என்பது என் கணிப்பு.

## தைவானும் ஹாங்காங்கும்

சீனம் பேசும் மற்ற இரண்டு இடங்களில் தேர்வு வேறு. அதனால் பயிற்சியும் வேறு. தைவானின் கல்லூரிச் சேர்க்கைத் திறனறித் தேர்வில் 2022 முதல் 'கலப்பு வினா' என்ற வகை வந்திருக்கிறது. ஒரே பத்தியை வைத்து விடை தேர்வதும், பத்தியிலிருந்து சொல்லை எடுத்து வாக்கியத்துக்கு ஏற்ற வடிவில் மாற்றி எழுதுவதும் சேர்ந்து வரும். ஊகித்துக் குறிக்கும் வாய்ப்பு அங்கே குறைகிறது. ஹாங்காங்கின் பள்ளியிறுதித் தேர்வில் வாசிப்புக்கு மட்டுமே ஒன்றரை மணி நேரத் தாள். மொத்த ஆங்கில மதிப்பெண்ணில் 20 விழுக்காடு. முதல் பகுதி எல்லோருக்கும் கட்டாயம். அடுத்து எளிய பகுதியா கடினப் பகுதியா என்று மாணவரே தேர்ந்துகொள்ளலாம், ஆனால் எளிதை எடுத்தால் அந்தத் தாளில் நான்காம் தரத்துக்கு மேல் கிடைக்காது. ஏழு படிகளில் உச்சம் ஐந்துக்கும் மேலே இரண்டு நட்சத்திரம் வரை போகும் என்பதால், அந்தத் தேர்வறை முடிவு சாதாரணமானதில்லை.

## யாருக்குச் சாதகம்

வாசிப்பில் மொழியைத் தாண்டிய ஒன்றும் இருக்கிறது: தலைப்பைப் பற்றி முன்பே என்ன தெரியும் என்பது. 1988ல் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் அமெரிக்காவில் பள்ளி மாணவர்களுக்கு ஒரு பேஸ்பால் ஆட்ட விவரணையைப் படிக்கக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியவர்கள் என்று மதிப்பிடப்பட்டிருந்தாலும் பேஸ்பால் நன்றாகத் தெரிந்தவர்கள், நன்றாக வாசிக்கத் தெரிந்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட அதிகம் புரிந்துகொண்டார்கள். அதுவும் தாய்மொழியில். வெளிநாட்டு அருங்காட்சியகம், தன்னார்வப் பணி, உணவு வங்கி, கார் இல்லாத நகரம் என்று வரும் ஆங்கிலப் பத்திகள் ஷாங்காய் மாணவருக்கும் கான்சு மலைக்கிராம மாணவருக்கும் ஒரே அளவு தூரத்தில் இல்லை. இருவரும் ஒரே சொற்பட்டியலை மனப்பாடம் செய்திருந்தாலும் இல்லை.

2021 ஜூலையில் சீன அரசு 'இரட்டைக் குறைப்பு' என்ற கொள்கையில், கட்டாயக் கல்வி வயதுப் பிள்ளைகளுக்கு லாப நோக்கில் பாட டியூஷன் நடத்துவதைத் தடை செய்தது. வெளிநாட்டிலிருந்தபடி இணையத்தில் பாடம் எடுப்பவர்களை அமர்த்துவதும் நின்றது. சமத்துவம் வரும் என்று எதிர்பார்ப்பு. ஆங்கில வாசிப்பைப் பொறுத்தவரை இது பாதிதான் உதவும் என்று தோன்றுகிறது: டியூஷனை மூடலாம், வீட்டு அலமாரியில் இருக்கும் ஆங்கிலப் புத்தகங்களையும் ஆங்கிலம் படித்த பெற்றோரையும் மூட முடியாது. பள்ளி நூலகம் அந்த இடத்தை நிரப்பாத ஊர்களில் இடைவெளி அப்படியேதான் நிற்கும்.

ஆங்கிலத்தில் மிகவும் பின்தங்கியவர்கள் இதற்கிடையே வேறொரு கதவைக் கண்டுபிடித்துவிட்டார்கள். மேல்நிலை வகுப்புக்கு வந்தபின் ஆங்கிலத்தை விட்டு, அடிப்படையிலிருந்து ஜப்பானியம் கற்று, காவ்காவில் அதை எழுதுகிறார்கள். காரணம் மேலே சொன்ன சொல் நிரப்புக் கணக்குதான். ஜப்பானியப் பத்தியில் சீன எழுத்துகள் நிறைய வருவதால், முதல் நாளிலேயே கணிசமான சொற்களின் பொருள் கண்ணுக்குப் பிடிபடுகிறது. ஆங்கிலத்தில் பத்து ஆண்டு கிடைக்காத இனாம் அங்கே உடனே கிடைக்கிறது. பின்னால் வரும் கணக்கு வேறு: ஆங்கிலத் தேர்வு எழுதியவர்களை மட்டுமே சேர்க்கும் பட்டப்படிப்புகள் உண்டு, ஜப்பானியத்தில் வந்தவருக்குக் கல்லூரியில் ஆங்கில வகுப்பு கடினமாகவும் இருக்கும். பதினாறு வயதில் இந்த மாற்றத்தைச் செய்யும் மாணவருக்குப் பள்ளி அந்தப் படிப்புகளின் பட்டியலையும் முன்கூட்டியே காட்டியாக வேண்டும்.